வீட்டில் ஒரு விளையாட்டு மாலை: முதல்முறை நடத்துபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நண்பர்களை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு அழைத்து, போர்டு கேமும் பகடையுமாக நாலு மணி நேரம் கழிக்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இதை வழக்கமாக நடத்தும் நிலைக்கு வருவதற்குள் நிறைய இழுபறிகளைப் பார்த்துவிட்டேன். ஒருவர் விதிகளை வாசித்துக்கொண்டே இருக்க மற்றவர்கள் போனைக் கையில் எடுத்துவிடுவார்கள். நாலு பேர் ஆடும் பெட்டியைத் திறந்து வைத்திருக்கும்போது ஐந்தாவது ஆள் வந்து நிற்பார். மணி பத்தரை ஆகியும் ஆட்டம் பாதியில் கிடக்கும். இது எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: ஆட்டத்தை முதலில் முடிவு செய்துவிட்டு ஆட்களையும் நேரத்தையும் அதற்குள் திணிப்பது. வரிசையை மாற்றினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

1. முதலில் ஆள் கணக்கு, அப்புறம் நேரம், கடைசியில்தான் ஆட்டம்

இரண்டு நாள் முன்னதாக வாட்ஸ்அப் குழுவில் மூன்று கேள்வி கேளுங்கள். வருகிறீர்களா? எத்தனை மணிக்கு வருவீர்கள்? எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் மாலையைக் காப்பாற்றுவது அதுதான். தாம்பரம் போக வேண்டியவரும் அடுத்த தெருவில் இருப்பவரும் ஒரே நேரத்துக்கு எழுந்திருக்க மாட்டார்கள். ஒன்றரை மணி நேர ஆட்டத்தின் நடுவில் ஒருவர் எழுந்து போனால் மற்ற மூவருக்கும் அந்த ஆட்டம் வீண்.

"பார்க்கலாம்" என்று பதில் போட்டவரை வரமாட்டார் என்றே கணக்கில் வையுங்கள். வந்தால் சேர்த்துக்கொள்ளத் தோதாக முதல் ஆட்டம் மட்டும் தளர்வாக இருக்கட்டும்.

ஆள் கணக்கு இப்படி வேலை செய்யும். மூன்று அல்லது நாலு பேர் என்றால் கவலையே இல்லை, கடையில் கிடைக்கும் பெரும்பாலான பெட்டிகள் இந்தக் கணக்குக்குத்தான் செய்யப்பட்டவை. ஐந்து பேர்தான் சிக்கலான எண். தீவில் வீடு கட்டி, வளங்களைப் பேரம் பேசி மாற்றிக்கொள்ளும் கட்டான் ஆட்டத்தின் அடிப்படைப் பெட்டி மூன்று முதல் நாலு பேருக்கு மட்டும், ஐந்தாவது ஆளுக்கு அதில் காயே கிடையாது. ரயில் பாதை போடும் டிக்கெட் டு ரைடு, நிலத் துண்டுகளை அடுக்கி ஊர் அமைக்கும் கார்கசோன் இரண்டும் ஐந்து பேர் வரை தாங்கும். ஆறு பேர் வந்தால் ஒரே மேசையில் உட்காராதீர்கள், மூன்று மூன்றாகப் பிரியுங்கள். அப்படிப் பிரிக்கும்போது இரண்டு மேசையிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிகிற ஆட்டங்களாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் முடித்தவர்கள் அடுத்த மேசைக்குப் பின்னால் நின்று யோசனை சொல்ல ஆரம்பிப்பார்கள், அங்கே ஆடுபவர்களுக்கு எரிச்சல்.

நேரத்துக்கு ஒரு கணக்கு: பெட்டியில் போட்டிருக்கும் நிமிடம், ஆட்டம் தெரிந்தவர்களுக்கானது. புதியவர்கள் இருந்தால் அதில் பாதியைக் கூட்டுங்கள், விதி சொல்ல இன்னொரு கால் மணி நேரம் சேருங்கள். 60 நிமிடம் என்று அச்சடித்த ஆட்டம் உங்கள் வீட்டில் 105 நிமிடம் பிடிக்கும்.

எனக்குச் சரிப்பட்டு வந்த அட்டவணை இது. ஐந்து மணிக்கு வரச்சொல்வது. ஐந்தேகாலிலிருந்து ஆறு வரை யார் வந்தாலும் இடையில் நுழையக்கூடிய சின்ன ஆட்டம். ஆறு முதல் ஏழே முக்கால் வரை பெரிய ஆட்டம். அதன்பின் டிபன். எட்டேகாலிலிருந்து ஒன்பதேகால் வரை ஒரு பகடை ஆட்டமோ தாயமோ. ஒன்பதரைக்கு எல்லோரும் செருப்பு மாட்டிவிட வேண்டும். சென்னை மெட்ரோ இரவு பதினொன்று வரைதான், மாநகரப் பேருந்துகள் பத்துக்கு மேல் குறைந்துவிடும். இன்னொன்று, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரையுள்ள நேரத்தைத்தான் இரவு நேரம் என்று வரையறுக்கின்றன. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் சட்டம் பார்க்கத் தேவையில்லை, ஒன்பதுக்கே குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

2. இடம்: வீடு, குடியிருப்பு ஹால், கேம் கஃபே

எட்டுப் பேர் வரை வீடுதான் நல்லது. வாசலில் செக்யூரிட்டி இருக்கும் குடியிருப்பு என்றால் வருகிறவர்களின் பெயர், வண்டி எண் இரண்டையும் மதியமே கேட் ஆப்பில் பதிந்துவிடுங்கள், அல்லது ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஆளாளுக்கு வாசலில் நின்று போன் செய்தால் முதல் அரை மணி நேரம் நீங்கள் மாடிப்படியில்தான் இருப்பீர்கள். விருந்தினர் வண்டி எங்கே நிறுத்தலாம் என்பதையும் குழுவில் முன்பே போட்டுவிடுங்கள்.

பத்துப் பேருக்கு மேல் என்றால் குடியிருப்பின் பொது ஹாலைக் கேட்கலாம். இங்கேதான் காகிதங்கள் வரும். சங்கச் செயலாளருக்கு ஒரு கடிதம் தேவைப்படும்: தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், என்ன நிகழ்ச்சி. பராமரிப்புக் கட்டணம் பாக்கி இல்லை என்பதற்குக் கடைசி ரசீதின் நகல் கேட்பார்கள். வாடகைக்கு இருப்பவர் என்றால் பல இடங்களில் வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது வரவே இரண்டு நாள் ஆகலாம். ஆகவே பத்து நாள் முன்னதாகத் தொடங்குங்கள்.

ஹால் வாடகை தனி, திருப்பித் தரும் டெபாசிட் தனி, துப்புரவுக் கட்டணம் தனி. மூன்றையும் ஒரே தொகையாகச் சொன்னால் பிரித்து எழுதிய ரசீது கேளுங்கள். ஹாலுக்குள் நுழைந்ததும் சுவர், நாற்காலி, ஃபேன், சுவிட்சுகள் எல்லாவற்றையும் போனில் ஒரு சுற்று படம் எடுத்துவிடுங்கள். ஏற்கனவே உடைந்திருந்த நாற்காலிக்காக என் டெபாசிட்டில் ஒருமுறை கை வைத்தார்கள். படம் இருந்ததால்தான் பணம் திரும்பி வந்தது.

கேம் கஃபே இன்னொரு வழி. ஆட்டங்கள் அங்கேயே இருக்கும், விதி சொல்லித்தரவும் ஆள் இருப்பார். பெட்டி வாங்கும் முன் ஒரு ஆட்டம் நமக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. போவதற்கு முன் போனில் நாலு விஷயம் கேளுங்கள்: தலைக்கு மணிக்கணக்கா, நாள் கணக்கா? சாப்பாட்டுக்குக் குறைந்தபட்சத் தொகை உண்டா? முன்பணம் கட்டினால் ஆள் குறையும்போது திரும்ப வருமா? ஜிஎஸ்டி சேர்த்த விலையா? வார நாளில் பல இடங்களில் கட்டணம் குறைவு. ஞாயிறு மாலை மேசை கிடைப்பதே கடினம்.

3. என்ன வாங்குவது, எவ்வளவு ஆகும்

பெரிய பெட்டியோடு தொடங்காதீர்கள். முதல் மாலைக்கு 500 ரூபாய்க்குள் முடிக்கலாம். இருபது பகடை, ஒரு சீட்டுக்கட்டு, கோடு போட்ட நோட்டு, நாலு பென்சில். பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி பாத்திரக் கடையிலோ கோயில் வாசல் கடைகளிலோ கிடைக்கும். வீட்டில் பாட்டி காலத்து ஜோடி கிடந்தால் அதை எடுங்கள், புளி போட்டுத் தேய்த்தால் குழியில் பிடித்த அழுக்கு போய்ப் புள்ளிகள் தெளிவாகத் தெரியும். தாயக் கட்டத்துக்குச் சாக்பீஸ் போதும்.

அடுத்த கட்டம் சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரே ஒரு நல்ல பெட்டி. புதியவர்கள் கலந்த கூட்டத்துக்கு என் தேர்வு டிக்கெட் டு ரைடுதான். ஆலன் மூன் வடிவமைத்து 2004இல் வந்தது. ஒரு முறைக்கு மூன்றில் ஒரு வேலை: ரயில் சீட்டு எடு, அல்லது பாதை போடு, அல்லது புது டிக்கெட் எடு. பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். கிளாவுஸ் டாய்பர் வடிவமைத்து 1995இல் ஜெர்மனியில் வெளிவந்த கட்டான் இதைவிட ஆழமானது, பேரம் பேசுவதில் வீடே கலகலக்கும். ஆனால் முதல் மாலைக்கு வேண்டாம், இரண்டாவது மாலைக்கு வையுங்கள். ஒற்றைச் சொல் குறிப்பை வைத்துத் தன் அணியின் சொற்களைக் கண்டுபிடிக்கும் கோட்நேம்ஸை எட்டுப் பேர் வந்தாலும் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடலாம், ஆனால் அட்டைகளில் இருப்பது ஆங்கிலச் சொற்கள். ஆங்கிலம் சரளமாக வராத ஒருவர் கூட்டத்தில் இருந்தால் அதை எடுக்காதீர்கள். அவர் மாலை முழுக்கச் சிரித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார், நமக்கே மனசு கேட்காது. அந்த இடத்தில் அட்டையெல்லாம் படங்களாகவே இருக்கும் டிக்ஸிட் நல்ல மாற்று.

பிசினஸ், மோனோபலி வகை ஆட்டங்களை மாலை நேரத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். திவாலானவர் வெளியே போய்விட்டு ஒரு மணி நேரம் வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கிறது. கட்டாயம் ஆட வேண்டுமென்றால் விதிப் புத்தகத்தில் உள்ளபடி ஆடுங்கள். ஒருவர் வாங்காத மனையை உடனே ஏலம் விட வேண்டும், ஃப்ரீ பார்க்கிங்கில் நின்றால் எந்தப் பணமும் கிடையாது. இந்த இரண்டையும் நம் வீடுகளில் மாற்றி ஆடுவதால்தான் ஆட்டம் நள்ளிரவுவரை போகிறது.

நாலு பேர் சேர்ந்து பணம் போட்டு ஒரு பெட்டி வாங்கலாம் என்று யோசனை வரும். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் ஊர் மாறும்போது பெட்டி யாருக்கு என்ற பேச்சு எழும். ஆளுக்கொரு பெட்டி வாங்கி, மாலைக்குக் கொண்டுவருவதுதான் நல்ல ஏற்பாடு. வாங்கும் முன் குழுவில் சொல்லிவிட்டால் ஒரே ஆட்டத்தை இரண்டு பேர் வாங்க மாட்டார்கள்.

4. போலிப் பெட்டி, பழைய பெட்டி, வெளிநாட்டுப் பெட்டி

இணையத்தில் அசல் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கட்டான் கிடைத்தால் அது போலி. அட்டை மெலிதாக இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். ரகசியமாக வைத்திருக்க வேண்டிய சீட்டு அப்படித் தெரிந்தால் ஆட்டமே கெட்டது. வாங்கும் முன் பெட்டியின் பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளின்படி, இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, புகார் செய்வதற்கான தொடர்பு எல்லாம் இருக்க வேண்டும். அந்த ஒட்டுத்தாளே இல்லையென்றால் விலகிவிடுங்கள்.

பார்சல் வந்ததும் உடைப்பதை வீடியோ எடுங்கள், அன்றைக்கே காய்களை எண்ணுங்கள். விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே பட்டியல் இருக்கும். திருப்பி அனுப்பும் காலக்கெடு பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான். அடுத்த மாதம் விளையாடும்போது ஒரு சீட்டு குறைகிறது என்று தெரிந்து பயனில்லை. பில்லைப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள்.

பழைய பெட்டி வாங்குவது நல்ல சிக்கனம், ஆனால் அங்கேயே உட்கார்ந்து எண்ண வேண்டும். கட்டானில் 19 நிலத் துண்டு, 18 எண் வில்லை, 95 வளச் சீட்டு, 25 வளர்ச்சிச் சீட்டு. டிக்கெட் டு ரைடில் 110 ரயில் சீட்டு, ஒவ்வொரு நிறத்திலும் 45 ரயில். ரயிலில் ஒன்றிரண்டு குறைந்தால் பரவாயில்லை, உதிரி மூன்று கூடவே வரும். சீட்டு குறைந்தால் வாங்காதீர்கள்.

வெளிநாட்டுக் கடையிலிருந்து நேராக வரவழைத்தால் கூரியர் நிறுவனம் கேஒய்சி கேட்கும்: ஆதார், பான் அல்லது பாஸ்போர்ட் நகல். அதை அனுப்பும்வரை பார்சல் சுங்கத்தில் நிற்கும். சுங்க வரியும் கூரியரின் கையாளும் கட்டணமும் சேர்ந்து வீட்டு வாசலில் கேட்பார்கள். வரிக்கும் சேர்த்துப் பட்ஜெட் போட்டுவிட்டுத்தான் ஆர்டர் செய்ய வேண்டும். குறிப்பிட்ட தேதியில் விளையாடுவதற்காக வாங்குகிறீர்கள் என்றால் இந்த வழியே வேண்டாம்.

5. மேசை, ஃபேன், வெளிச்சம்

நம் வீடுகளில் முதல் எதிரி சீலிங் ஃபேன். மோனோபலியின் காகிதப் பணமும் சீட்டுக்கட்டும் ஒரு சுற்றில் தரைக்கு வந்துவிடும். மேசையை ஃபேனுக்கு நேர் கீழே போடாமல் ஒரு சுவர் பக்கம் தள்ளுங்கள். சீட்டுக் குவியல்மேல் வைக்க கேரம் காய்கள் நல்ல பாரம்.

தரையில் உட்கார்ந்து ஆடுவது தாயத்துக்குச் சரி. பெரிய போர்டுக்கு இரண்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும், முட்டிவலி உள்ளவர்கள் எழுந்திருக்கவே முடியாது. நாலு பேருக்கு மூன்றடிக்கு மூன்றடி மேசை வேண்டும். மேலே ஒரு பெட்ஷீட் விரியுங்கள். பகடை வழுக்கி ஓடாது, சீட்டை எடுக்க விரல் நுழையும், சத்தமும் குறையும். பித்தளைத் தாயக்கட்டையை வெறும் டைல்ஸ் தரையில் உருட்டினால் அந்தக் கணகணவென்ற சத்தம் கீழ்வீட்டுக்காரர் கூரையில் கேட்கும். ஒரு கோரைப்பாயை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் உருட்டச் சொல்லுங்கள்.

மஞ்சள் பல்பு வேண்டாம். அந்த வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகத் தெரியும். வெள்ளை டியூப்லைட் போதும்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் சோழி, பகடை, சின்னக் காய் எதையும் தரையில் விடாதீர்கள். வாயில் போட்டுத் தொண்டையில் சிக்கினால் நிமிடங்களில் உயிருக்கு ஆபத்து. அன்றைக்கு எல்லா ஆட்டமும் மேசைமேல்தான்.

6. விதி சொல்வது

மாலை கெடுவது பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடத்தில்தான். விருந்தினர் வந்தபின் விதிப் புத்தகத்தைப் பிரிப்பதைப்போல ஒரு தவறு கிடையாது. முந்தைய நாளே வாசித்து, நீங்கள் ஒருவரே இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சுற்று ஆடிப் பாருங்கள். எந்த இடத்தில் சந்தேகம் வருகிறதோ, நாளைக்கு அவர்களும் அங்கேதான் கேட்பார்கள்.

சொல்லும் வரிசை முக்கியம். முதல் வாக்கியம் எப்படி ஜெயிப்பது என்பதாக இருக்கட்டும்: "முதலில் பத்துப் புள்ளி எடுப்பவர் ஜெயித்தார்." அடுத்து, உங்கள் முறை வந்தால் என்ன செய்யலாம். மூன்றாவது, ஆட்டம் எப்போது முடியும். விதிவிலக்குகளை அந்தந்தச் சூழ்நிலை வரும்போது சொல்லிக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் சொல்ல வேண்டும், ஆட்டம் தெரிந்த மற்றவர்கள் இடையில் புகுந்து திருத்தக் கூடாது. அப்புறம், முதல் சுற்றைச் சீட்டுகளைத் திறந்து வைத்து, கணக்கில் சேர்க்காமல் ஆடுங்கள்.

கட்டானுக்கு ஒரு குறிப்பு. தொடக்கத்தில் வீடு வைக்கும் வரிசை 1, 2, 3, 4 என்று போய் 4, 3, 2, 1 என்று திரும்ப வேண்டும். இது விட்டுப்போனால் கடைசி ஆள் முதலிலேயே தோற்றார். எந்த எண்ணில் வீடு வைப்பது என்று புதியவர் முழிக்கும்போது இரண்டு பகடையின் கணக்கைச் சொல்லிவிடுங்கள்: மொத்தம் 36 வகையில் விழலாம், அதில் 7 ஆறு வகை, 6ம் 8ம் தலா ஐந்து வகை, 2ம் 12ம் தலா ஒரே ஒரு வகை. இது தெரிந்தவுடனேயே அவர் பேரம் பேச ஆரம்பித்துவிடுவார். "ஒரு ஆடு தர்றேன், செங்கல் இருக்கா?" என்ற குரல் கேட்டால் ஆட்டம் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

7. தாயத்துக்கு முன் ஐந்து கேள்வி

தாயம் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்து நேராக உட்கார்ந்தால் சண்டை நிச்சயம். மதுரைக்காரர் ஒரு விதமாக ஆடுவார், தஞ்சாவூர்க்காரர் இன்னொரு விதம், ஒரே ஊரில் இரண்டு வீட்டுக்கே விதி ஒத்துப்போகாது. எல்லோரும் தன் பாட்டி சொன்னதே சரி என்பார்கள், யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கட்டையைத் தொடும் முன் இந்த ஐந்தையும் முடிவு செய்து தாளில் எழுதி நடுவில் வையுங்கள்:

ஒன்று, காய் இறக்கத் தாயம் (அதாவது இரண்டு கட்டையும் சேர்ந்து ஒன்று) மட்டும்தானா, ஐந்து விழுந்தாலும் இறக்கலாமா? இரண்டு, வெட்டினால் இன்னொரு முறை உருட்டலாமா? மூன்று, ஒரு காயையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குப் போகலாமா? நாலு, ஒருவருடைய இரண்டு காய் ஒரே கட்டத்தில் சேர்ந்து நின்றால் அதை வெட்டலாமா? ஐந்து, காயை நடுக்கட்டத்தில் சேர்த்துப் பழம் எடுக்கச் சரியான எண் விழ வேண்டுமா? இதோடு, கட்டை சாய்ந்து நின்றால் மறுபடி உருட்டல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கட்டையிலும் 0, 1, 2, 3 என்று நாலு முகம். இரண்டையும் சேர்த்து 16 வகையில் விழலாம். அதில் தாயம் இரண்டே வகை, அதாவது எட்டில் ஒன்று. பத்து முறை உருட்டியும் தாயம் விழாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பதற்கு நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேலேயே வாய்ப்பு இருக்கிறது. நாலு பேர் ஆடினால் யாராவது ஒருவர் நீண்ட நேரம் வெளியே நிற்பார். விடிய விடிய ஆடும் வைகுண்ட ஏகாதசி இரவுக்கு அது பொருந்தும், ஒரு மணி நேரம் மட்டும் கையில் இருக்கும்போது பொருந்தாது. ஆகவே, எல்லோருக்கும் முதல் காயைத் தாயம் இல்லாமலே இறக்கிவிடுங்கள். ஆளுக்கு ஆறு காய் வைக்கும் வழக்கம் இருந்தால் நாலாகக் குறையுங்கள்.

ஊனோ ஆடினாலும் இதே எச்சரிக்கை. அடுத்தவரை இரண்டு சீட்டு எடுக்க வைக்கும் +2 மேல் இன்னொரு +2 போட்டு, அதற்கடுத்தவர் தலையில் நாலாகக் கட்டுவது பல வீட்டு வழக்கம், ஆனால் அதிகாரபூர்வ விதியில் அது கிடையாது. எது உங்கள் விதி என்பதை முதலில் சொல்லிவிட்டால் போதும்.

ஆட்டத்தின் நடுவில் தகராறு வந்தால் ஒரு நிமிடத்துக்குள் மாலையை நடத்துபவர் ஒரு முடிவைச் சொல்லிவிட வேண்டும். சரியா தவறா என்று ஆட்டம் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

8. பகடை மட்டும் வைத்து இரண்டு ஆட்டம்

கால தாமதமாக வருபவர்களுக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கும், சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரத்துக்கும் இவை ஏற்றவை.

யாட்ஸிக்கு ஐந்து பகடை, ஆளுக்கொரு தாள். உங்கள் முறையில் மூன்று முறைவரை உருட்டலாம், பிடித்த பகடையை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் மறுபடி உருட்டலாம். தாளில் 13 கட்டம், ஒவ்வொரு முறையும் ஒன்றை நிரப்பியே ஆக வேண்டும். மேல் ஆறு கட்டம் 1 முதல் 6 வரை, அந்த எண் விழுந்த பகடைகளின் கூட்டல். அவை 63 தொட்டால் கூடுதலாக 35. கீழே ஏழு: மூன்று ஒரே எண் அல்லது நாலு ஒரே எண் என்றால் ஐந்து பகடையின் மொத்தக் கூட்டல். மூன்றும் இரண்டுமாக அமைந்தால் 25. தொடர்ச்சியாக நாலு எண்ணுக்கு 30, ஐந்துக்கு 40. ஐந்தும் ஒன்றானால் 50. கடைசிக் கட்டம் எதற்கும் பொருந்தாததைக் கூட்டிப் போட. நாலு பேருக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

பொய்ப் பகடைக்கு ஆளுக்கு ஐந்து பகடையும் ஒரு கப்பும் வேண்டும். எல்லோரும் குலுக்கிக் கவிழ்த்து, தன்னுடையதை மட்டும் பார்க்க வேண்டும். ஒருவர் "மேசையில் மொத்தம் மூன்று பகடையில் நாலு விழுந்திருக்கிறது" என்பார். அடுத்தவர் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்ல வேண்டும், அல்லது "பொய்" என்று சவால் விட வேண்டும். எல்லோரும் திறந்து எண்ணியபின் தவறானவர் ஒரு பகடையை இழப்பார். எவர்சில்வர் டம்ளர் காதைத் துளைக்கும், உள்ளே தெரியாத பேப்பர் கப் வாங்குங்கள்.

9. சாப்பாடு, கை, பணம்

பஜ்ஜி, போண்டா, சிப்ஸ் மூன்றும் மேசைப் பக்கம் வரக் கூடாது. எண்ணெய் விரல் பட்ட சீட்டு தனியாகத் தெரியும், அடுத்த ஆட்டத்திலிருந்து அது எந்தச் சீட்டு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆடும்போது பொரிகடலை, வேர்க்கடலை, ஸ்பூனோடு கிண்ணத்தில் சுண்டல். எண்ணெய்ப் பண்டம் எல்லாம் டிபன் இடைவேளையில். காபி டம்ளர் வைக்க மேசைக்குப் பக்கத்தில் தனி ஸ்டூல் போடுங்கள். ஒரு டம்ளர் கவிழ்ந்தால் மூவாயிரம் ரூபாய் போர்டு ஊறிப்போகும். கேரம் ஆடினால் போரிக் பவுடர் கையில் ஒட்டியிருக்கும், சோப்புப் போட்டுக் கழுவியபின்தான் சாப்பிட வேண்டும்.

டிபன் செலவை யாராவது ஒருவரே ஏற்பது இரண்டு மூன்று தடவைக்கு மேல் தாங்காது. மாறி மாறி வீடு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அன்றைய பில்லை அன்றைக்கே தலைக்கு இவ்வளவு என்று யூபிஐயில் முடித்துவிடுங்கள்.

ஆட்டத்தில் பணம் வைக்காதீர்கள். பத்து ரூபாய்தானே என்று தொடங்குவதும் வேண்டாம். லாபத்துக்காகப் பங்கு பிடித்து ஆட்டம் நடத்தும் இடத்தைச் சட்டம் சூதாட்ட இடமாகப் பார்க்கும். பொது ஹாலில் நுழைவுக் கட்டணம் வாங்கிப் பரிசுப்பணம் கொடுக்கும் யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சட்டத்தை விட்டாலும், தோற்ற பணம் நண்பர்களுக்கு நடுவில் கசப்பாகத் தங்கிவிடும். தோற்றவர் அடுத்த மாலைக்கு ஸ்வீட் வாங்கி வர வேண்டும் என்பது போதும்.

10. முடிக்கும்போது

ஒன்பது மணிக்கு "இதுதான் கடைசிச் சுற்று" என்று சொல்லிவிடுங்கள். ஜெயித்தவர் யார் என்று தெரியாமல் எழுந்திருப்பது எல்லோருக்கும் உறுத்தும், அதனால் அந்தச் சுற்றின் முடிவில் அதிகப் புள்ளி வைத்திருப்பவர் ஜெயித்தவர் என்று முடித்துக்கொள்ளலாம்.

காய் அடுக்கும் வேலையை எல்லோரும் இருக்கும்போதே செய்யுங்கள். ஐந்து பேர் கை வைத்தால் ஐந்து நிமிடம், நீங்கள் ஒருவர் செய்தால் அரை மணி நேரம். எண்ணிப் பாருங்கள், குறைந்தால் சோபா மடிப்பிலும் பாய்க்கு அடியிலும் அப்போதே தேடலாம். சீட்டுகளுக்கு ரப்பர் பேண்ட் போடாதீர்கள், ஓரம் வளைந்துவிடும், சென்னை வெயிலில் உருகி ஒட்டவும் செய்யும். ஜிப் கவர்தான் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டைகள் ஈரம் இழுத்து உப்பிக்கொள்ளும். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் பெட்டிக்குள் போட்டு, தரையோடு ஒட்டாத அலமாரியில் வையுங்கள்.

யாராவது பெட்டியை இரவல் கேட்டால் கொடுங்கள், ஆனால் மூடியின் உட்பக்கம் காய்களின் எண்ணிக்கையை எழுதி ஒட்டியபின் கொடுங்கள். அடுத்த தேதியை அவர்கள் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதே முடிவு செய்து குழுவில் போட்டுவிடுங்கள். மறுநாள் கேட்டால் "பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும்.